ஒரு மூட்டைக்குத்தான் இடம்

விமானத்தில் ஒரு மூட்டைக்குத்தான் இடம். தராசில் இரண்டு மூட்டைகள், குண்டுமணி பிசகாமல் ஒரே எடை.

ஒன்று வெல்வெட் பை. இந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் அந்த ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு எழுதிய வாழ்த்துகள். அரக்கு முத்திரையே இரண்டு கிலோ தேறும்.

இன்னொன்று சாக்கு. சனங்களின் கடிதங்கள்.

எடையைக் குறைக்க நான் பூட்ஸைக் கழற்றி, மதியச் சாப்பாட்டையும் விட்டிருந்தேன். மீசையையும் எடுத்துவிடலாமே என்றான் மெக்கானிக்.

அஞ்சல் அதிகாரி யோசிக்கவே இல்லை. முதல் விமானத் தபாலில் சாக்கு போனால் நாலு பேர் சிரிப்பார்களாம். அது ரயிலில் போகட்டும், மூன்றே நாள்தானே என்றார்.

கடிதம் பிரிக்கும் அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. அவர் மகளுக்கு அந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் அந்தச் சாக்கில். நாளைக்குள் போய்ச் சேராவிட்டால் வேலை அடுத்தவளுக்கு.

அக்காவுக்காக நான் அதிகாரியிடம் பேசிப் பார்த்தேன்.

"நீ ஓட்டுறவன்தானேப்பா? ஓட்டு, போதும்."

சொல்லிவிட்டு மேடை ஏறினார். வேகத்தின் மகிமை பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். மொத்தக் கூட்டமும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒருவழியாகக் கிளம்பினேன். தண்டவாளம்தான் எனக்கு வரைபடம். பாதி வழியில் தபால் ரயிலை முந்தியபோது ஜன்னலெல்லாம் கைகள் ஆடின.

அங்கேயும் ஒரு மேடை. மேயர் வெல்வெட் பையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். வானிலிருந்து இப்போதுதான் இறங்கிய வாழ்த்து என்று ஒரு கடிதத்தைக் கணீரென்று வாசித்தார்.

எடுத்தது தன் கோட்டுப் பையிலிருந்து. போன வாரமே ரயிலில் வந்த நகல்.

கைதட்டல் ஓய்ந்ததும் பையை என் கையில் திணித்துவிட்டு டீ சாப்பிடப் போனார்கள். முடிச்சை யாரும் தொடவில்லை.

தபால் நிலையத்தில் நானே அவிழ்த்தேன். போஸ்ட் கார்டுகள், மஞ்சள் கவர்கள், மேலாக ஆஸ்பத்திரி விலாசம். அரக்கு மருந்துக்கும் இல்லை.

அது மூன்றாம் நாள் சாக்கில் வரும்.

அங்கே அதிகாரி மேடை ஏறியபோது, பின்னால் அக்காதான் பயந்துகொண்டே இருந்தார். பையின் வாயைப் பிடித்தபடி நான்தான் சொன்னேன்: "மெதுவா மாத்துங்கக்கா. அவர் இன்னும் வேகத்தைப் பத்தி ஆரம்பிக்கவே இல்ல."