திருஷ்டிப் பொட்டு

கரியாலூர் ஏற்றத்தில் வாடகைக் கார் கரும்புகை கக்கித் திணறியது. பின்சீட்டில் மகள் தனுஷா பிரசவ வலியில் அலற, முன்சீட்டில் இருந்த தெய்வசிகாமணி டிரைவர் பக்கம் திரும்பினார்.

"இன்னா தம்பி, வண்டி இழுக்கலியா?"

"புகைய என்ஜினுக்கே திருப்பி வுடுற இ.ஜி.ஆர். வால்வுல கரி புடிச்சிருந்தா இப்டித்தாங்க முக்கும். ஆனா போன வாரந்தான் ஓனரு கள்ளக்குறிச்சில அத்த சுத்தம் பண்ணிக்கினு வந்தாரு" என்றான் டிரைவர் சுபாஷ்.

"என்ஜின் லைட்டு எரியுதா?"

"இல்லீங்க."

எட்டிப் பார்த்தவரின் கண், மீட்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்த கறுப்புப் பொட்டில் நிலைத்தது.

"அது திருஷ்டிக்குங்க. மெக்கானிக்கு ஒட்டி அனுப்புனாராம்."

தெய்வசிகாமணி பொட்டைப் பெயர்த்தார். அடியில் எச்சரிக்கை விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

கார் நின்றுவிட்டது.

போன வாரம் வால்வைக் கழற்றாமலே காசு வாங்கிக்கொண்டு, விளக்கை மறைக்க, தனுஷாவின் பொட்டு அட்டையிலிருந்து அதை எடுத்து ஒட்டிய மெக்கானிக் தெய்வசிகாமணிதான்.