இருநூற்றுப் பன்னிரண்டாவது படம்

விலையைக் கேட்பதற்கு முன்பே அவர் பென் டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

சட்டைப்பையில் மருத்துவமனையின் அடையாள அட்டை இருந்தது. அங்கே ஸ்கேன் எடுப்பவராம். இப்போதிருக்கும் லேப்டாப் பழசாகிவிட்டது, படத்தில் அவ்வப்போது கோடு விழுகிறது, நல்லதாக ஒன்றில் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார்.

இப்படிப்பட்ட ஆள் வந்தால் எனக்குக் குஷி. கடையில் மற்றவர்கள் நிறத்தைக் காட்டி விற்பார்கள். நான் உள்ளே இருப்பதைச் சொல்லி விற்பேன்.

இரண்டு லேப்டாப்களை அருகருகே திறந்து வைத்தேன். ஒரே அளவுத் திரை, ஒரே உடம்பு. வித்தியாசமெல்லாம் கிராபிக்ஸ் கார்டில்தான்.

முதலாவது கேம் ஆடுகிறவர்களுக்கானது. படம் காட்டுவதில் பறக்கும். இரண்டாவது பொறியாளர்களுக்கும் டாக்டர்களுக்குமானது. கொஞ்சம் நிதானம். ஆனால் தன் வேலையைத் தானே சரிபார்த்துக்கொள்ளும். கணக்கில் ஒரு துளி பிசகினாலும் பிடித்துத் திருத்திவிடும்.

எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை.

முதல் லேப்டாப்பில் பென் டிரைவைச் செருகினார். நானூறு ஸ்கேன் படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ள, முக்கால் நிமிடத்தில் ஒரு தலை திரையில் எழுந்து நின்றது. விரலை வைத்தால் பம்பரமாகச் சுற்றியது.

அவர் அதைச் சுற்றிப் பார்க்கவில்லை. மவுஸை உருட்டிக்கொண்டு நேராக இருநூற்றுப் பன்னிரண்டாவது படத்துக்குப் போனார். சாம்பல் நிறத்துக்கு நடுவே வெள்ளையாக ஒரு புள்ளி. கொண்டைக்கடலை அளவு இருக்கும்.

"இல்லாத புள்ளி இருக்கிற மாதிரி வர்றதுக்கு இந்தக் கார்டுல வாய்ப்பு இருக்காம்மா?"

இருக்கிறது என்றேன். லட்சத்தில் ஒன்று என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டாவதை அவர் தலையில் கட்டிவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. அந்தப் பிசகு வரக்கூடாது என்றுதான் சார் இதைச் செய்திருக்கிறார்கள் என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. விற்றாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது லேப்டாப் மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டது. நாற்காலியை நகர்த்திப் போட்டேன். உட்காரவில்லை. திரையில் நீலக்கோடு வளர்வதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தலை எழுந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு.

புள்ளி அங்கேயே இருந்தது.

அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். போட்டேன். சார்ஜரை மாற்றச் சொன்னார். மாற்றினேன். வேறு சாப்ட்வேரில் திறக்க முடியுமா என்றார். அதிலும் திறந்து காட்டினேன். கடையில் வேறு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். இவ்வளவு நுணுக்கமாகச் சோதிக்கிறவரை நான் பார்த்ததே இல்லை. அவருக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்று எனக்கும் ஒரு வீம்பு.

கடைசியில் இரண்டு திரைகளையும் ஒட்டி வைத்து, இரண்டிலும் அதே படத்தை ஒரே அளவுக்குப் பெரிதாக்கினேன்.

"பாருங்க சார். ஒரு இம்மி கூட மாறல."

பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு, விலை கேட்கிற குரலில், தாழ்வாகச் சொன்னார்.

"இது என் வீட்டுக்காரியோட தலைம்மா. காலையில நான்தான் எடுத்தேன்."

பெரிய டாக்டர் நாளைக்குத்தான் பார்ப்பாராம். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாதாம். சாதாரணத் தலைவலி, மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாளாம். ஆஸ்பத்திரி லேப்டாப்தான் கோளாறு பண்ணுகிறது என்று இங்கே வரும் வழியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தாராம்.

சொல்லிவிட்டு, ஹெட்போன்கள் மாட்டியிருந்த பக்கம் பார்த்தார். அவரோடு வந்து அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து, மேசைகளைத் தொட்டுத் தொட்டு எங்களிடம் வந்துகொண்டிருந்தார்.

நான் இரண்டு திரைகளையும் மூடினேன்.

அக்கா சிரித்துக்கொண்டே வந்தார். ஒரு ஜோடி செருப்பு வாங்கத் தான் இதில் பாதி நேரம் எடுத்தால்கூட இந்த மனுஷன் கடைக்கு வெளியே போய் நின்றுகொள்வார் என்று என்னிடம் புகார் சொன்னார். இவருக்கு எதை எடுத்தாலும் சந்தேகம், நீயாவது சொல்லக் கூடாதா என்றார்.

"ரெண்டுல எதைம்மா நம்பலாம்?"

ஒரு நாளைக்குப் பத்துப் பேர் கேட்கிற கேள்வி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எனக்குப் பதில் வரும்.

சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதையும் முழுசா நம்ப முடியாதுக்கா. மெஷின்தானே. சில நேரம் இல்லாததைக்கூடக் காட்டும்."

எங்கள் கடைச் சரக்கைப் பற்றி நான் தாழ்த்திப் பேசியது அன்றுதான் முதல்முறை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பொய் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார்.

யோசித்துவிட்டு வருகிறோம் என்று அக்காதான் சொன்னார். உன்னை ரொம்ப நேரம் நிற்க வைத்துவிட்டோம் என்று என் கையைப் பிடித்து விட்டார். உள்ளங்கை சூடாக இருந்தது.

இருவரும் வாசல் பக்கம் நடந்தார்கள்.

கண்ணாடிக் கதவு வழக்கம்போல் இரண்டு பக்கமும் விலகித் திறந்தது. அவர் ஒரு காலை வெளியே வைத்துவிட்டுத் திரும்பினார்.

அக்கா உள்ளேயே நின்றுவிட்டிருந்தார். திறந்து கிடந்த வாசலில் கையை நீட்டி, அங்கே இல்லாத கண்ணாடியைத் தடவித் தேடிக்கொண்டிருந்தார்.