பெயர்கள் ஓடி முடியும்வரை

நடிகர் நிருபன் இறந்து மூன்று வருடமாகிறது. கம்ப்யூட்டரில் உருவாக்கிய அவர் முகத்தோடு 'கந்தகன்' என்ற சூப்பர் ஹீரோ மட்டும் படங்களிலும் தொடர்களிலும் பறந்துகொண்டிருந்தான். கதையில் கந்தகன் சாகும்வரை நிருபனின் சாவை வெளியே சொல்லக்கூடாது என்பது படக் கம்பெனியோடு குடும்பம் போட்ட ஒப்பந்தம்.

புதிய படத்தில் கந்தகன் செத்தான். தியேட்டரே அழுதது. நிருபனின் மனைவி அபர்ணா மட்டும் நிம்மதியாக எழுந்து வீட்டுக்கு வந்தாள். ஒளித்துவைத்திருந்த கணவனின் படத்தைக் கூடத்தில் மாட்டி மாலை போட்டாள். மகளைக் கூப்பிட்டாள்.

"இனிமே அப்பாவுக்காக வாய்விட்டு அழலாம்டி."

சற்று நேரத்தில் கம்பெனி மேனேஜர் வாசலில் வந்து நின்றார்.

"மாலையைக் கழட்டுங்கம்மா. படத்துக் கடைசியில பேரெல்லாம் ஓடி முடியறதுக்குள்ள எந்திரிச்சு வந்துட்டீங்களா? அதுக்கப்புறம் ஒரு சீன் இருக்கு. கந்தகனோட விரல் அசையுது."

உள்ளே மகள் அழத் தொடங்கியிருந்தாள். அபர்ணா ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினாள்.