வாங்காத ரிப்போர்ட்

நாலாம் தொட்டில் குழந்தையின் இரைப்பை நீரில் மூன்றாவது நாளாக நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

காசநோய்க் கிருமி இருந்தால் நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சி மாதிரி தெரியும். ஒரு சிலைடில் நூறு இடம் பார்த்தால் போதும். நான் முந்நூறு பார்த்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான்.

குழந்தைக்கு வயது முப்பத்தொரு நாள். எடை பிறந்தபோது இருந்த அதே எடை. காய்ச்சல், மூச்சிரைப்பு, வீங்கிய கல்லீரல். எந்த ஊசிக்கும் மசியவில்லை.

பெரிய டாக்டருக்குக் காசநோயோ என்று சந்தேகம். ஆனால் அதற்கான மருந்தும் கல்லீரலில்தான் கை வைக்கும். ஆதாரம் இல்லாமல் ஆரம்பிக்க அவருக்கு மனசு வரவில்லை.

இந்த வயசில் குழந்தைக்குத் துப்பத் தெரியாது. அதனால் வீட்டில் இருமுகிறவர்களைத் துப்ப வைத்தோம்.

முதல் குற்றவாளி தாத்தா. முப்பது வருடமாக இருமுகிறவர். டப்பாவை நிரப்பியே கொடுத்தார். ஒன்றும் இல்லை.

"இப்பவாவது நம்புங்கடா, இது சும்மா இருமல்" என்று ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். இருமிக்கொண்டேதான் போனார்.

குழந்தையின் அம்மாவுக்கு இருமலே கிடையாது. நெஞ்சு எக்ஸ்ரே பளிச்சென்று இருந்தது. அவரை விட்டுவிட்டார்கள்.

இன்று காலைதான் பெரிய டாக்டருக்கு அவருடைய கர்ப்பப்பை ஞாபகம் வந்தது. கிருமி அங்கே ஒளிந்திருந்தால் நெஞ்சில் எதுவும் தெரியாது. குழந்தைக்கு வயிற்றிலேயே ஒட்டிக்கொள்ளும்.

பதினோரு மணிக்கு அந்த அக்காவே கர்ப்பப்பையிலிருந்து எடுத்த சாம்பிள் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கி லேபுக்கு வந்தார். பேனாவை எடுத்து பாட்டிலில் 'நாலாம் தொட்டில் அம்மா' என்று எழுதினேன்.

"ரிசல்ட் எப்பம்மா வரும்?"

"கிருமியை வளர விட்டுப் பார்க்கணும்க்கா. வெளி லேபுக்குப் போகும். எட்டு வாரம்."

இரண்டு பேரும் மேலே பார்த்தோம். மேலே விட்டம்தான் இருந்தது. அதற்கும் மேலே இருக்கிற குழந்தையிடம் எட்டு வாரம் இல்லை.

"போன தடவையும் இதையேதான் சொன்னே" என்றார்.

"எந்தத் தடவை?"

"குழந்தை தங்கலைன்னு வந்தப்ப இதே மாதிரி எடுத்தாங்களே. ஆறாவது வாரம் இனிப்போட வந்தேனே. மறந்துட்டியா? ரெண்டு எடுத்துக்கிட்டியே."

மறக்கவில்லை. மூன்று எடுத்தேன்.

ஏழு வருடம் காத்திருந்தவர். அன்று கவுண்டரைச் சுற்றி ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தது நான்தான்.

"அந்த ரிப்போர்ட்டை நீங்க வாங்கவே இல்லையாக்கா?"

"அதான் தங்கிருச்சே, இனிமே அது எதுக்குன்னு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

முன்பு காசநோய் வந்திருக்கிறதா என்று மாடியில் அவரிடம் நாலு தடவை கேட்டிருக்கிறார்கள். நாலு தடவையும் இல்லை என்றிருக்கிறார். பொய் இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

வாங்காத ரிப்போர்ட்டுக்கென்று எங்களிடம் ஒரு டிராயர் உண்டு. ஒரு வருடம் வைத்திருப்போம். அது லேசில் திறக்காது, முட்டியால் ஒரு இடி இடிக்க வேண்டும். இடித்தேன்.

கவர் அடியில் கிடந்தது. ஒட்டியது ஒட்டியபடி.

படியேறும்போதே கிழித்தேன். எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி. கிருமி வளர்ந்திருந்தது.

பெரிய டாக்டர் இரண்டு முறை படித்தார். மூன்றாவது முறை படிக்காமல் நர்ஸிடம் மருந்தின் அளவைச் சொன்னார். பத்தே நிமிடத்தில் கரைத்துக் கொண்டுவந்தார்கள்.

அக்கா தலையைத் தாங்கிக்கொள்ள, நர்ஸ் முதல் சொட்டை வாயில் விட்டார். குழந்தை பாதியைத் துப்பியது.

நர்ஸ் துடைத்துவிட்டு மறுபடியும் விட்டார். இந்த முறை உள்ளே போனது.

"எட்டு மாசமா உள்ளேயே இருந்திருக்கு. ஏன் ஒருத்தர்கூடப் பிரிச்சுப் பார்க்கல?" என்று கேட்டுக்கொண்டே டாக்டர் கவரைத் திருப்பினார்.

பின்பக்கம் சிவப்பு மையில், கொட்டை எழுத்தில், 'இனி தேவையில்லை' என்று இருந்தது. பக்கத்தில் சிரிக்கிற குழந்தை முகம் ஒன்று வரைந்திருந்தது. அதற்கு ஒரு சுருட்டை முடிகூட இருந்தது.

அக்காவும் அதைப் பார்த்தார். பிறகு என் கோட்டுப் பையில் குத்தியிருந்த சிவப்புப் பேனாவைப் பார்த்தார்.