அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன்

மேனேஜரின் சட்டைப்பையில் ஆபீஸ் அக்காவின் வேலைநீக்கக் கடிதம் இருந்தது. சாயங்காலம் கம்பெனியை வெளிநாட்டுக்காரர்கள் வாங்கிக் கையெழுத்துப் போட்டதும் அதை நீட்ட வேண்டியதுதான் பாக்கி. ஒரு ஆளையாவது குறைத்துக் காட்டினால் அவருக்கு டைரக்டர் பதவி என்று சொல்லியிருந்தார்கள். மனுஷருக்கு உடனே ஞாபகம் வந்தது, பதினெட்டு வருஷமாக எல்லாருக்கும் எடுபிடியாக இருக்கிற அக்காதான்.

அந்த நேரம் பார்த்துப் பாதுகாப்புத் துறை அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்.

“விமான நிலையக் கதவுக்கெல்லாம் நீங்கதான் பூட்டு செய்யறீங்க. ரகசியம் தீவிரவாதி கையில சிக்காதுன்னு நான் எழுதிக் கொடுத்தாத்தான் கம்பெனியை விற்கலாம். இங்க பாதுகாப்பு சரியில்லைன்னு ஒரு மொட்டைக் கடுதாசி வேற வந்திருக்கு.”

முதலாளி திருதிருவென்று முழித்தார். அதிகாரி உட்காருவதற்குள் அக்கா சுடச்சுட மூன்று டீயோடு உள்ளே வந்தாள்.

“பூட்டு வரைபடம் இருக்கிற கம்ப்யூட்டரைத் திறங்க.”

முதலாளி கழுத்தைச் சொறிந்தார். “பாஸ்வேர்டு... அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன்.”

“சரி, பெட்டகச் சாவி?”

“அதுவும் அக்காகிட்டதான் சார்,” என்றார் மேனேஜர்.

“உங்க சொந்தக் கம்ப்யூட்டரையாவது உங்களுக்குத் திறக்கத் தெரியுமா?”

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் அக்கா அதையும் தட்டித் திறந்து வைத்துவிட்டாள்.

அதிகாரி பேனாவை மூடினார். “நான் தீவிரவாதியா இருந்தா உங்க ரெண்டு பேரையும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். இவங்களைத்தான் கடத்திட்டுப் போவேன்.”

போச்சு, எல்லாம் போச்சு என்று மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். இந்தம்மாவைப் போன மாசமே அனுப்பித் தொலைத்திருக்கலாம்.

“விற்கலாம்,” என்றார் அதிகாரி. மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “ஆனா ஒரு நிபந்தனை. இத்தனை ரகசியம் தெரிஞ்சவங்களை வெளியே விடறதுதான் ஆபத்து. ஓய்வு பெறுற வரைக்கும் இவங்களை வேலையை விட்டு எடுக்கக் கூடாது. இனிமே இங்க பாதுகாப்புக்கு இவங்கதான் பொறுப்பு. நீங்க எந்த அறைக்குள்ள நுழையணும்னாலும் இவங்க அனுமதி வேணும்.”

முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு அவர் கிளம்பினார். அவரை வழியனுப்ப முதலாளியும் பின்னாலேயே ஓடினார்.

டைரக்டர் பதவி கை நழுவிய வயிற்றெரிச்சலில் மேனேஜர் பல்லைக் கடித்தார். “அந்த மொட்டைக் கடுதாசியை எந்தப் பாவி போட்டான்னு மட்டும் தெரியட்டும்.”

அக்கா நிதானமாக டம்ளர்களை எடுத்துத் தட்டில் அடுக்கினாள்.

“திங்கட்கிழமை உங்க கம்ப்யூட்டர்ல என்னை அனுப்பற லெட்டரைப் படிச்சேன் சார். செவ்வாய்க்கிழமை நான்தான் போட்டேன்.”