அவிங்க தோட்டம்

மூன்று வழி பிரியும் இடத்தில் ஆம்புலன்ஸ் வழி தெரியாமல் நின்றது. மூன்று பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் கரும்பு. உச்சி வெயில், கண்ணுக்கெட்டிய வரை ஒரு ஈ காக்கை இல்லை.

செல்போனில் மேப் ஒரு பச்சைப் பரப்பைக் காட்டிவிட்டுக் கையை விரித்துவிட்டது.

"எந்தப் பக்கமுங்க சிஸ்டர்?" என்றார் ஓட்டுநர் காளிதாஸ்.

மருத்துவ உதவியாளர் சரிதாவின் காதிலிருந்த போனில் ஒரு பெண் மூச்சிரைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாத்தாள், அறுபத்தெட்டு வயது. நெஞ்சில் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி வலி, இடது கையில் குடைச்சல், சேலை நனைகிற அளவுக்கு வேர்வை. எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னாள். வீடு எதுவென்று கேட்டால் மட்டும் ஒரே பதில்.

"அவிங்க தோட்டமுங்க சாமி. ஆரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"அவிங்கன்னா ஆருங்கம்மா?"

"அவிங்கதானுங்க. எங்க ஊட்டுக்காரரு."

"அவருகிட்டப் போனக் குடுங்க."

"அவிங்க இல்லீங்க. ஊட்டுல நான் மட்டுந்தானுங்க."

சந்தைக்கோ எங்கேயோ போயிருப்பார் என்று சரிதா நினைத்துக்கொண்டாள்.

வெற்றிலைக் கட்டோடு மொபெட்டில் வந்த ஒரு பெரியவரைக் காளிதாஸ் கைகாட்டி நிறுத்தினார். கண்ணாத்தாள் வீடு எது என்று சரிதா கேட்டாள்.

அவர் உதட்டைப் பிதுக்கினார். "கண்ணாத்தாளுங்களா? அப்புடி ஆரும் இந்தப் பக்கம் இல்லீங்களே. ஆம்பள பேரச் சொல்லுங்க."

சரிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து இதே காட்டில் களை எடுத்து, மடை மாற்றி, மாடு மேய்த்தவள். அவளுக்கு ஒரு பெயர் இருப்பதே இந்தப் பக்கத்து ஆளுக்குத் தெரியவில்லை.

"அம்மா, அவரு பேரச் சொல்லுங்க. ஒரே ஒரு தடவ."

"ஆகாது சாமி. நாஞ் சொன்னா அவிங்க ஆயுசு கொறஞ்சு போயிரும்."

"உங்க ஆயுசு போயிட்டிருக்குதும்மா!"

சரிதா கத்திய கத்தலில் பெரியவர் மொபெட்டோடு இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

நின்ற இடத்திலேயே ஏழு நிமிடம் ஓடிவிட்டது. மாரடைப்பு வந்தபின் போகிற ஒவ்வொரு நிமிடமும் இதயத்தில் கொஞ்சத்தைக் கொன்றுவிட்டுப் போகும் என்று சரிதா படித்திருக்கிறாள். போனில் மூச்சு இழைய ஆரம்பித்திருந்தது.

சரிதாவின் அம்மாவும் இப்படித்தான். ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால் சுவரைப் பார்ப்பாள். பாவாடை சட்டையில் நிற்கும் சரிதாதான் அப்பன் பெயரை உரக்கச் சொல்லுவாள். சரிதா கூட இல்லாத நாளில் கடைக்காரர் ஒவ்வொரு சாமியாகக் கேட்டுக் கண்டுபிடிப்பார்.

"சரிங்கம்மா, பேரு வேண்டாம். சாமி பேருங்களா?"

"ஆமாங்க."

"எந்த ஊருச் சாமி?"

"செங்கோட்டு... மலைங்க." மூச்சு வாங்கியது. "பாதி ஆணு. பாதி... பொண்ணு."

"அர்த்தநாரி!" என்று கூவினாள் சரிதா.

"அட, அர்த்தநாரி தோட்டமா!" பெரியவர் மொபெட்டைத் திருப்பிவிட்டார். "இத மொதல்லயே சொல்றதில்லீங்களா? என்ற பொறகாலயே வாங்க."

இடது கைப் பக்கம், வாய்க்கால் பாலம், இரண்டு தென்னை. நான்கே நிமிடம். கண்ணாத்தாள் வாசற்படியில் சரிந்து கிடந்தாள். பட்டன் போன் மட்டும் காதைவிட்டு விலகவில்லை.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ஒரு மணி நேரத்தில் வலி வடிந்தது. டாக்டர் இசிஜி தாளை இரண்டு தடவை பார்த்தார். "இன்னும் அரை மணி விட்டிருந்தா என் கையில ஒண்ணுமில்ல. இனி பயமில்ல" என்றார்.

அதற்குப் பிறகுதான் சரிதா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். காளிதாஸ் டீ வாங்கி வந்து கொடுத்தார். அவ்வளவு ருசியான டீயை அவள் அந்தக் கேன்டீனில் குடித்ததே இல்லை.

சீட்டு எழுதுகிற பெண் வந்தாள். "கணவர் பெயர்?"

"அவங்க சொல்ல மாட்டாங்க. அர்த்தநாரின்னு எழுதிக்குங்க" என்று சரிதா முந்திக்கொண்டாள்.

"அவர வரச் சொல்லணுமே. எங்க இருக்காரு?"

கண்ணாத்தாள் மூக்கின் மேலிருந்த மாஸ்க்கை விலக்கினாள்.

"நாமகிரிப்பேட்டையிலீங்க. இன்னொருத்தியக் கட்டிக்கிட்டு. என்னையத் தோட்டத்துல உட்டுட்டுப் போயி முப்பது வருசமாச்சுங்க."

எழுதிய பேனா நின்றது.

சரிதா வாயைத் திறந்தாள். வந்ததெல்லாம் ஆஸ்பத்திரியில் பேசக் கூடாத வார்த்தைகள். மூடிக்கொண்டாள். அந்த ஆளின் ஆயுசுக்காகவா கரும்புக்கு நடுவில் அத்தனை நேரம்?

கண்ணாத்தாள் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அர்த்தநாரி" என்றாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அர்த்தநாரி. அர்த்தநாரி."

"ஒரு தடவ போதும்மா, எழுதிட்டேன்" என்றாள் சீட்டு எழுதுகிற பெண்.

"உனக்குப் போதும் சாமி" என்றாள் கண்ணாத்தாள். "எனக்குப் பத்தாது."