நெல் விற்ற பணம்

"தங்கத்தாய் புருசன் பனையில இருந்து விழுந்துட்டானாம். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில கெடக்கான். நெல்லு வித்த பணத்தைக் குடுத்துட்டு வாரேன்" என்றான் இசக்கிதுரை.

சங்கரவடிவு பெட்டிச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அவளுக்குன்னா மட்டும் ஒடனே மனசு எளகிருது! பொங்கலுக்கு எனக்குச் சேலை எடுத்தா அவளுக்கும் ஒண்ணு."

"பாவம், அங்க அழுதுகிட்டு நிக்காளாம் வடிவு."

"நீங்க மொதல்ல பொண்ணு பாக்க வந்தது அவளைத்தான? சாதகம் பொருந்தாமத்தான என்னையக் கெட்டினீங்க?"

"அதுக்காவ? அவ உன் கூடப்பொறந்த அக்கா இல்லையா?"

வடிவுக்குக் கண் கலங்கியது. பெட்டியைத் திறந்து, பணம் முழுவதையும் எடுத்து மடியில் முடிந்துகொண்டாள். இசக்கிதுரை சட்டையை மாட்டினான்.

"நீங்க எங்க கெளம்புதீங்க? எங்க அக்காவுக்கு நானே கொண்டுபோய்க் குடுக்கேன். நீங்க மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க!"